கழித்தது போக

சுத்தமாக இருந்தது. அதுதான் கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. டுக் டுக் டுக் டுக் என்று ஸ்பீக்கரிலிருந்து குழந்தையின் இதயம் தூசு தும்பில்லாமல் வந்துகொண்டிருந்தது, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி. ரெக்ஸின் உறை போட்ட சோதனைக் கட்டிலில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, எட்டு மாத வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் தொண்டை வரைக்கும் நின்றது. எந்த நாளும் மின்சாரத்தின் ரீங்காரம் கொஞ்சமாவது பின்னால் இருக்கும். மூச்சை இழுத்தால் ஒரு கரகரப்பு வரும், கால் மாற்றிப் போட்டால் ஒரு படபடப்பு. இன்றைக்கு ஒன்றுமே இல்லை. "என்னங்க கோகிலா, என்ன மந்திரம் போட்டீங்க? சிக்னல் பளிங்கு மாதிரி இருக்கு," என்றான் பெனடிக்ட், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியைப் பிடித்து நடக்கிற இந்தச் சின்னக் கம்பெனியில் அவளும் அவனும் சேர்ந்து செய்ததுதான் இந்த பெல்ட். கர்ப்பிணிகள் வயிற்றில் கட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிற குழந்தையின் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. பெல்ட்டைச் செய்தவளே கர்ப்பமானதும், இதைவிட வசதி உண்டா, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவளையே படுக்க வைத்துச் சோதனை செய்தார்கள். மந்திரமாவது மண்ணாவது, என்று அவள் சொல்ல நினைத்தாள். நல்லது நடந்தால் சந்தேகப்படக் கூடாது என்று தன்னைத் தானே அதட்டினாள். ஆனாலும் மனசு அந்தச் சுத்தத்தையே போய்ப் போய் முகர்ந்தது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும், அந்தச் சுத்தம் எங்கிருந்து வருகிறது என்று. வயிற்றில் ஒட்டின ஸ்டிக்கருக்கு இரண்டு இதயமும் கேட்கும். அம்மாவுடையது பெரிசு, தவில் அடிக்கிற மாதிரி. குழந்தையுடையது அதற்குள் எங்கோ ஒரு கைக்கடிகாரம். மேலே மார்பில் ஒட்டின ஸ்டிக்கருக்கு அம்மாவுடையது மட்டும்தான் கேட்கும். இதை அதிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் குழந்தை. சொல்வதற்குச் சுலபம், கழிப்பதுதான் பாடு. அம்மா சும்மா கிடப்பாளா? திரும்புவாள், இருமுவாள், மாமியாரைப் பார்த்து ரத்தம் கொதிப்பாள், ஒவ்வொன்றுக்கும் அவள் துடிப்பின் உருவம் மாறும். ஒரே கணக்கை வைத்துக்கொண்டு கழித்தால் வேலைக்காகாது. அதனால் இந்த ஃபில்டர் நொடிக்கு நொடி கற்றுக்கொள்ளும். கழித்துப் பார்க்கும், மிச்சத்தில் இன்னும் அம்மாவின் வாடை அடித்தால் தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி கழிக்கும், அந்தந்த நேரத்திலேயே, யாரும் சொல்லித்தராமல். பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடினாலும் போனில் தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று பிடித்துவிடுகிற காது மாதிரி. புரோகிராமில் அம்மாவின் துடிப்புக்கு இரைச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவள் இவள்தான். 'அம்மான்னாலே இரைச்சல்தானே' என்று அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது படுத்துக்கொண்டு தானே அந்த இரைச்சலாக இருக்கும்போது சிரிப்பு வரவில்லை. நீ எதைக் கொடுத்து இதுதான் இரைச்சல் என்கிறாயோ அதை அது நம்பும். எதிர்க்கேள்வி கேட்காது. நீ தப்பானதைக் கொடுத்தால் தப்பானதைத் தின்னும், தின்றுவிட்டு மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துத் தட்டில் வைக்கும்.

விலாவுக்குக் கீழே அரித்தது. அங்கேதான் ஒரு ஸ்டிக்கர். மார்பு ஸ்டிக்கர் என்று பெயர்தான், ஒட்டுவது விலாவுக்குக் கீழே. அது ஒரு பெரிய கூத்து. முதல்முதல் வெளியே முகாம் போட்டபோது வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கரகரவென்று இரைச்சல், ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைசியில் பார்த்தால் தாலி. நெஞ்சில் தாலிக்கொடியும் அதில் கோத்த ஊக்குகளும் ஸ்டிக்கரில் போய் உரசுகின்றன. முதுகுப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார்கள், படுத்ததும் முன்னால் வந்து விழுந்தது. நர்ஸ் பாவம் ஏதோ வாய் தவறி, "அஞ்சு நிமிஷம் கழட்டி வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கூட வந்த மாமியார்கள் பிடித்துக்கொண்டார்கள், "வவுத்துப்புள்ளக்காரி கழுத்துல இருந்து தாலியை எறக்கச் சொல்றீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?" முகாமே கலைந்து போகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போது கோகிலாதான் நடுவில் போய் நின்று, "யாரும் எதையும் கழட்ட வேண்டாம், ஸ்டிக்கரை ஒரு சாண் கீழே எறக்கி ஒட்டுங்க, போதும்" என்றாள். ஒட்டினார்கள். இரைச்சல் நின்றது. எல்லார் முகத்திலும் வெளிச்சம். நம்ம ஊர் பெண்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினோம் என்று அதற்கப்புறம் எல்லா இடத்திலும் பெருமையாகச் சொன்னார்கள், செய்முறைப் படத்திலேயே ஸ்டிக்கர் கீழே இறங்கிவிட்டது. அவளும் அப்படியேதான் ஒட்டிக்கொண்டாள். அவள் தாலி என்னவோ மெல்லிசு சங்கிலிதான், இருந்தாலும் ஊருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று இருக்கக் கூடாதல்லவா. கையை நீட்டிச் சொறிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அசைந்தால் பெனடிக்ட் கத்துவான். எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு அரிப்பைப் பொறுத்தாள். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பெரிதாக அச்சடித்த ஒரு துடிப்புக் கோடு அது, இதுவரை எடுத்ததிலேயே சுத்தமானது. அன்னூர் பக்கத்து மைனாவதியுடையது. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே தொலைத்தவள், இது மூன்றாவது. அவளுக்கென்று ஒரு பெல்ட்டை வீட்டுக்கே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் போன் செய்து, "மேடம், இது வந்ததுல இருந்துதானுங்க நான் தூங்கறேன்" என்றாள்.

டுக் டுக் டுக் டுக். சோமனூரில் அவள் பிறந்த வீட்டை ஒட்டித் தறிக்கூடம். பன்னிரண்டு தறி, சடக்குச் சடக்கென்று இரவும் பகலும், சுவரே அதிரும், டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாகப் போகும். வருகிற விருந்தாளிகள் எப்படித்தான் இதுக்குள்ள தூங்கறீங்களோ என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். எதுக்குள்ள என்று இவள் கேட்பாள். நிஜமாகவே கேட்காது. கேட்கக் கேட்க அது இல்லாமலே போய்விடும், காது கழித்துவிடும். கரண்ட் போனால்தான் வம்பு. தறி நின்றதும் அந்த வரிசையில் இருக்கிற கைக்குழந்தைகள் அத்தனையும் வீல் என்று எழுந்து அழும். சத்தத்துக்கு அழாத குழந்தைகள், சத்தம் நின்றதற்கு அழும். இதைச் சொன்னால் கல்லூரியில் ஒருவரும் நம்பவில்லை. அப்படி ஒரு மத்தியானம், இதே மாதிரி வெயில், இதே மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம், கரண்ட் போயிற்று. குழந்தைகள் அழ ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த ஒரு இடைவெளியில், புறக்கடையிலிருந்து அம்மாவின் குரல். சின்னதாக. துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாள். எல்லாரும் ஓடினார்கள். அம்மா அழவில்லை, திட்டவில்லை, அப்பாவைப் பார்த்து, "எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கரண்ட் போயிருக்காவிட்டால்? இந்த நினைப்பு வந்தால் கோகிலாவுக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். வேர்த்தது. எதற்கு இப்போது இது? ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது, அதனால்தான். இரைச்சல் நின்றால் ஏதாவது கேட்க வேண்டும். கேட்கத்தானே செய்கிறது? டுக் டுக் டுக் டுக், நல்ல வேகம், நல்ல சீர். பச்சை எரிகிறது. படுத்துத் தூங்கேன் சனியனே, என்றாள் மனசிடம்.

தூங்குவதற்கு முன்னால் அந்தத் திரையைப் பார்த்திருக்க வேண்டாம். பெனடிக்ட் தண்ணீர் குடிக்க நகர்ந்து உட்கார்ந்தான், லேப்டாப்பின் மூலை தெரிந்தது. நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று கீழே அவள் எண், மேலே குழந்தையின் எண். கீழே எழுபத்தாறு. மேலே நூற்றைம்பத்திரண்டு. நல்ல எண்கள்தான் இரண்டும், டாக்டர் பார்த்தால் தட்டிக்கொடுப்பார். கண்ணை மூடினாள். எழுபத்தாறு, நூற்றைம்பத்திரண்டு. எழுபத்தாறும் எழுபத்தாறும். கண்ணைத் திறந்தாள். தற்செயல். உலகத்தில் எத்தனையோ எண்கள் எத்தனையோ எண்களுக்கு இரட்டிப்பாக இருக்கின்றன, அதற்கெல்லாம் பயந்தால் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்க முடியாது. கீழே எழுபத்தெட்டு ஆயிற்று, இவள் பயந்ததனால். மேலே நூற்றைம்பத்தாறு. வயிற்றுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கின மாதிரி இருந்தது. குழந்தையல்ல. பயம். அம்மா பயந்தால் குழந்தைக்கும் துடிப்பு ஏறும், புத்தகத்தில் இருக்கிறது, ஹார்மோன் போகும், ரத்தத்தில் போகும். போகும், ஆனால் நேரம் எடுத்துக்கொண்டு போகும். கூடவே கையைப் பிடித்துக்கொண்டா ஏறும்? மூச்சை மெல்ல விட்டாள். விட விட நெஞ்சு அடங்கியது. எழுபத்தைந்து. நூற்றைம்பது. ஐயோ. தன் நிழலிடம் கையைத் தூக்கிக் காட்டி, அதுவும் தூக்குகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பது போல அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். மேலே இருக்கிற எண் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

கடைசியாக எப்போது உதைத்தது? காலையில் பல் தேய்க்கும்போது. இல்லை, அது நேற்று. நேற்றா? பல் தேய்க்கும்போது குனிந்தாள், உள்ளேயிருந்து ஒரு முட்டி இடித்தது, புருஷன் தீனாவைக் கூப்பிடலாம் என்று நினைத்து வாயில் நுரை என்று கூப்பிடவில்லை. அது என்றைக்கு? அன்றைக்குப் போட்டிருந்தது அந்த மஞ்சள் நைட்டி. மஞ்சள் நைட்டி துவைத்துக் காய்ந்து மடித்து அலமாரியில் இருக்கிறது. அப்படியானால் நேற்று இல்லை. ஐந்தாம் மாதத்தில், முதல் தடவை உள்ளே மீன் வாலைத் திருப்பினது போல இருந்தபோது, அவள் எண்ண ஆரம்பித்திருந்தாள். சாப்பிட்டதும் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ண வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எண்ணினாள், சந்தோஷமாக, பத்து விரலும் மடங்குகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அப்புறம் பெல்ட் வந்துவிட்டது. மிஷின் செய்தவளே விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டாள். தீனா மட்டும் என்ன? கல்யாணமான புதிதில் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு கிடந்த மனுஷன், குழந்தை வரும் முன்னாலேயே பேச்சுக் கொடுக்கிறேன் என்று என்னவெல்லாம் உளறினவன், இப்போது போனைப் பார்க்கிறான். போனில் பெல்ட் அனுப்புகிற ஒரு பச்சைப் புள்ளி. "பச்சைதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவனைச் சொல்லி என்ன, தான் மட்டும் யோக்கியமா? தன் வயிற்றில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொருத்தன் லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறவள். அசை, என்றாள் உள்ளே. ஒரு தடவை. கொஞ்சமாக. அடிவயிற்றை விரல்களால் அமுக்கினாள், யாருக்கும் தெரியாமல், கதவைத் தட்டுவது போல. ஒன்றுமில்லை. தூங்குகிறதாக இருக்கும். குழந்தைகள் நாள் பூராவும் தூங்கும். தூங்கிக்கொண்டிருந்தால் துடிப்பு இப்படியா என்கூடவே ஏறி இறங்கும்?

அவளுக்குத் தெரியும். முதல் தடவை இரட்டிப்பைப் பார்த்தபோதே தெரியும், தெரிந்ததை ஒரு மூலையில் தள்ளி மேலே துணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள். புரோகிராமில் பெனடிக்ட் எழுதின ஒரு வரி. ஆரம்பத்தில் பெல்ட் அடிக்கடி சிவப்பாகிக் கத்தும், குழந்தையின் துடிப்பில் ஒன்றுவிட்டு ஒன்று பிடிக்காமல் விட்டுவிட்டு எண் பாதியாகக் காட்டும். "சும்மா சும்மா கத்துதே, இதை நம்பி நாங்க எப்படி வேலை பாக்கறது" என்று டாக்டர்கள் எரிந்து விழுந்தார்கள். பெனடிக்ட் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினான்: எண் நூற்றுப்பத்துக்குக் கீழே வந்தால் பாதி தவறிவிட்டது என்று எடுத்துக்கொள், இரட்டித்துக் காட்டு, ஸ்பீக்கரிலும் அந்த வேகத்திலேயே அடி. அவள் பின்னால் நின்று டீயைக் குடித்துக்கொண்டே, "போட்டுடுங்க, வேற வழியில்ல" என்றாள். நல்ல வரிதான். குழந்தையின் துடிப்பு உள்ளே இருக்கிற வரைக்கும் நல்ல வரி. உள்ளே குழந்தையின் துடிப்பே இல்லையென்றால்? ஃபில்டர் எவ்வளவு கழித்தாலும் அம்மாவின் துடிப்பில் ஒரு நூலிழை மிச்சம் இருக்கும். வேறொன்றும் இல்லாத இடத்தில் அந்த நூலிழை கயிறாகத் தெரியும். எழுபத்தாறு. நூற்றுப்பத்துக்குக் கீழே. இரட்டி. பச்சை. அவ்வளவுதான் விஷயம். ஸ்பீக்கரில் கேட்பது கோகிலவாணி. திரையில் ஓடுவது கோகிலவாணி. நாலு வருஷம் கண்விழித்து எதைக் கழிக்கக் கற்றுக்கொடுத்தாளோ அதுவே குழந்தை வேஷம் போட்டுக்கொண்டு அவள் முன்னால் டுக் டுக் என்று நடந்து காட்டுகிறது. குழந்தை எங்கே? குழந்தையை ஃபில்டர் தின்றுவிட்டதா, இல்லை தின்பதற்கே ஒன்றும் இல்லையா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரே பச்சை, ஒரே சுத்தம். தெரிந்துகொள்ள ஒரே வழி ஃபில்டரை நிறுத்துவது. வாயைத் திறந்து சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை. சொல்லாத வரைக்கும் குழந்தை இருக்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும். இன்னும் ஒரு நிமிஷம் அவள் அம்மாவாக இருந்துகொள்கிறாள், யாருக்கு என்ன நஷ்டம்? பச்சை எரிகிற வரைக்கும் வீட்டுக்குப் போகலாம், தீனாவோடு சாப்பிடலாம், தொட்டிலுக்கு எந்த நிறத் துணி என்று சண்டை போடலாம். ஏசிக் காற்றில் கால் சில்லிட்டது. அம்மா துவைக்கிற கல்லருகே கிடந்த நேரம் எவ்வளவு? யாருமே கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருப்பார். எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்.

"பெனடிக்ட்," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை போல இருந்தது. "ஃபில்டரை நிறுத்துங்க." "ஏங்க? இவ்வளவு அழகா ஓடிட்டிருக்கு." "நிறுத்துங்கன்னு சொல்றேன்ல." அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, சிரிப்பு போய்விட்டது. "பச்சையாத்தானே இருக்கு கோகிலா," என்றான், கெஞ்சுகிற மாதிரி. "ரெண்டு நம்பரையும் பாருங்க," என்றாள் அவள். அவன் பார்த்தான். கணக்குத் தெரிந்தவன், அதிக நேரம் ஆகவில்லை. விசையைத் தட்டினான். அறை உடைந்தது. ஹோ என்று மின்சாரத்தின் ரீங்காரம், சதைகளின் பொரபொரப்பு, மூச்சின் அலை, எல்லாவற்றுக்கும் மேலே திம் திம் திம் என்று அவளுடைய சொந்த இதயம், பெரிசாக, அசிங்கமாக, வெட்கமில்லாமல். தறிக்கூடத்துக்குள் போய் நின்ற மாதிரி இருந்தது. இதற்குள் எங்கே தேடுவது? மிஷினால் முடியாததை இந்தக் காது எங்கே கண்டுபிடிக்கப் போகிறது? "ஃபில்டர் இல்லாம ராவா கேட்டா ஒண்ணும் தெரியாதுங்க" என்று பெனடிக்ட் ஏதோ சொன்னான். "பேசாதீங்க," என்றாள். கண்ணை மூடினாள். ரீங்காரத்தைத் தள்ளினாள், அது பழகின சத்தம், சுலபமாகப் போயிற்று. பொரபொரப்பைத் தள்ளினாள். தன் இதயத்தைத் தள்ளுவதுதான் கஷ்டமாக இருந்தது, அது பயத்தில் அடித்துக்கொண்டு, நான் நான் என்று முன்னால் வந்து வந்து நின்றது. கொஞ்சம் நகர்ந்துக்கோ தாயே, உன் பிள்ளையைத்தான் தேடுகிறேன். திம் திம். திம் திம். இரண்டு திம்முக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததில் வைத்தாள். ஒன்றுமில்லை. அடுத்தது. கண்ணோரத்தில் சூடாக நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று, துடைக்கவில்லை. அடுத்தது. டிக்.

டிக். போயிற்று. மறுபடி டிக், டிக், திம்முக்கு அடியில் நசுங்கி, அந்தப் பக்கம் எழுந்து, டிக் டிக். அவளோடு சேராமல், அவள் தாளத்துக்குக் கொஞ்சமும் மரியாதை கொடுக்காமல், தன் பாட்டுக்கு ஒரு வேகத்தில். "கேக்குதா? பெனடிக்ட், கேக்குதா உங்களுக்கு?" "இருங்க, இருங்க... ஆமாங்க! ஆமா, இதோ கோட்டிலயே தெரியுது பாருங்க, இதோ, இதோ!" கோகிலா வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், பட்டுக்குட்டி, தங்கக்கட்டி, எருமைமாடே, அம்மாவை இப்படியா பயமுறுத்துவே என்று என்னென்னவோ சொன்னாள். இவள் போட்ட கூச்சலில் உள்ளே இருந்தது விழித்துக்கொண்டு விலாவுக்குக் கீழே ஓங்கி ஒரு உதை விட்டது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்திலேயே. ஸ்டிக்கர் துள்ளியது. அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தவள் நின்றாள். ஸ்டிக்கர் துள்ளியது. அன்றைக்கு முகாமில் கீழே இறக்கி ஒட்டச் சொன்னபோது அந்தப் பெண்களுக்கெல்லாம் ஐந்து மாதம், ஆறு மாதம். வயிறு எங்கேயோ கீழே இருந்தது. குழந்தை வளரும் என்பதை, உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒன்றை, குழந்தைக்காகவே மிஷின் செய்தவர்கள் மறந்துபோனார்கள். எட்டாம் மாதத்தில் வயிறு மேலேறி ஸ்டிக்கரைத் தொட்டுவிட்டது. அம்மாவை மட்டும் கேட்க வேண்டிய ஸ்டிக்கர் குழந்தையையும் கேட்கிறது. அது கேட்டதையெல்லாம் இரைச்சல் என்று ஃபில்டர் நம்பித் தின்கிறது. தின்றது போக மிச்சம் அம்மா, இரட்டித்து, பச்சையாக. உள்ளே இருப்பது துடித்தாலும் பச்சை. துடிக்காவிட்டாலும் பச்சை. அவள் தலையைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அந்தக் கோடு, இதுவரை எடுத்ததிலேயே சுத்தமானது, தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டு. மைனாவதிக்கு இது ஒன்பதாம் மாதம்.

"போனைக் கொடுங்க," என்றாள். எழுந்து உட்காரும்போது வயர்கள் பிய்ந்து தொங்கின, ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது, பெனடிக்ட் அதை அணைத்தான். அறை அமைதியாயிற்று. மணி போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறையலாம் போல இருந்தது. "சொல்லுங்க மேடம்," என்று மைனாவதி எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம், டிவியில் யாரோ அழுகிற சத்தம். "மைனாவதி, குழந்தை இன்னைக்கு அசைஞ்சுதா?" "இன்னைக்குங்களா?" பாத்திரச் சத்தம் நின்றது. "இன்னைக்கு இன்னும் இல்லீங்க." "நேத்து?" "மின்ன மாதிரித் துள்றதில்லீங்க மேடம். முந்தாநாள்ல இருந்தே அடங்கித்தான் கெடக்குது. எங்க அத்தைகூட ஒருக்கா ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அதான் பச்சை எரியுதுங்களே." கோகிலாவின் கை தானாகத் தன் வயிற்றின் மேல் போய் நின்றது. உள்ளே இருந்தது இன்னொரு உதை விட்டது, சந்தோஷமாக, ஒன்றும் தெரியாமல். அவளுக்குக் கூசியது, கையை எடுத்துக்கொண்டாள். "மைனாவதி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த பெல்ட்டைக் கழட்டுங்க. கழட்டிப் போட்டுட்டு அத்தையைக் கூட்டிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வண்டி நாங்க அனுப்பறோம். இப்பவே." அந்தப் பக்கம் டிவியை யாரோ நிறுத்தினார்கள்.

"கழட்டுனா பச்சை போயிருமுங்களே மேடம்," என்றாள் மைனாவதி.